காசு சேர்க்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும், லாரிப் பட்டறையிலும் விசைத்தறியிலும் வேலை பார்க்கும் இளைஞர்களும் என்னைப் பார்க்கும்போது, "பழைய காசு சேர்க்கணும்ங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

நம் சமவெளி காசுக்குக் குறைவில்லாத பூமி. தெற்கே காவிரியும் கரூரும், வடக்கே மைசூர் போகும் வழிகளும், மேற்கே கோவையைத் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாயும் இருக்கின்றன. இந்த வழிகளில் இரண்டாயிரம் ஆண்டாக வணிகரும் படைகளும் போய் வந்திருக்கிறார்கள். ரோமானிய வெள்ளி, சோழர் செம்பு, திப்புவின் யானைக்காசு, கும்பினி என்று நாம் சொல்லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு எல்லாம் கொங்கு மண்ணில் கைமாறியவை. இவற்றைச் சேர்ப்பவர் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: காசோடு அது வந்த வழியும் சேர்ந்து இருக்க வேண்டும். யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, எப்படி வந்தது என்று தெரியாத காசு பாதிக் காசு. கீழே சொல்வதெல்லாம் இதையொட்டித்தான்.

1. வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

முதல் காசைக் கடையில் வாங்காதீர்கள். உங்கள் ஆத்தாவின் சுருக்குப் பையிலும், அம்மாயியின் மரப்பெட்டியிலும், பூஜை மாடத்து உண்டியலிலும் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் அநேகமாக ஓட்டைக் காலணா ஒன்றாவது இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்த 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்டு அடித்த வெண்கலக் காசு அது. அதைக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டியிருப்பார்கள்.

லாரிக்காரர் குடும்பமென்றால் நேபாளம், பூடான் நாணயங்கள் டப்பாவில் கிடக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வேலைக்கு ஆப்பிரிக்கா போய்வந்தவர் வீட்டில் அந்த நாட்டுச் சில்லறை இருக்கும். அதையெல்லாம் அற்பமாக நினைக்காதீர்கள். நாமக்கல் மாவட்டத்து மனிதர்கள் பிழைப்புக்காக எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு அவை சாட்சி.

ஒன்று மட்டும் கவனம். கேட்காமல் எடுக்காதீர்கள். பெரியவர்கள் காசைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அதன் கதையைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகும் காசு இருக்கும், கதை இருக்காது.

2. காசுக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

நல்ல கெட்டி அட்டை நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு காசுக்கும் ஒரு எண் கொடுங்கள். அந்த எண்ணையே காசு இருக்கும் உறையிலும் எழுதுங்கள். நோட்டில் எழுத வேண்டியவை இவை: எண், கிடைத்த தேதி, கொடுத்தவர், கிடைத்த ஊர், விலை கொடுத்திருந்தால் விலை, உலோகம், எடை, குறுக்களவு, முன்பக்கம் என்ன, பின்பக்கம் என்ன.

மாதிரிக்கு ஒரு பதிவு: "எண் 7. செம்பு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்து. ராசிபுரத்தில் பெரியம்மா கொடுத்தது. அவருடைய மாமியார் வீட்டுச் செம்புப் பாத்திரத்தோடு வந்ததாகச் சொன்னார். விளிம்பில் ஒரு வெட்டு. எழுத்து இன்னும் படிக்கவில்லை." இவ்வளவு போதும். "படிக்கவில்லை" என்று எழுதுவதில் வெட்கப்பட ஏதும் இல்லை. தெரியாததை ஊகித்து எழுதுவதுதான் பிழை. பின்னால் வருகிற ஆராய்ச்சியாளர் உங்கள் ஊகத்தை உண்மையென்று எடுத்துக்கொள்வார்.

3. புழக்கத்தில் உள்ள காசிலேயே கண்ணைப் பழக்குங்கள்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாயை எடுத்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சின்ன வைரக்கட்டம் இருந்தால் மும்பையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. சேகரிப்போர் இதை மின்ட் மார்க் என்பார்கள். உள்நாட்டில் அடித்தது போதாமல் வெளிநாட்டு நாணயச் சாலைகளில் அடித்து வரவழைத்த ஆண்டுகளும் உண்டு. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹீட்டன் நாணயச் சாலையில் அடித்தது.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் ஊர்க் கடைகளிலும் பஸ்களிலும் வாங்க மறுத்த காலம் உண்டு. அப்போது ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியாகியிருக்கிறது, எல்லாமே செல்லும் என்று சொன்னது. வடிவம் மாறியதைப் பார்த்துப் போலி என்று ஊர் பயந்தது. காசைப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை தெருவில் இருந்திருந்தால் அந்தப் பயத்தைத் தெளிய வைத்திருக்கலாம். அந்த 14 வடிவங்களைத் தேடிச் சேர்ப்பது நல்ல முதல் பயிற்சி. முகமதிப்புக்கு மேல் செலவே இல்லை.

நமக்கென்று ஒரு பெருமையும் உண்டு. சேலம் உருக்காலையில் நாணயங்களுக்கான எவர்சில்வர் வில்லைகளை வெட்டித் தரும் பிரிவு இருக்கிறது. அங்கிருந்து வெறும் வட்டமாகப் போகும் தகடு நாணயச் சாலையில் சிங்க முத்திரை பெற்று நாடெங்கும் சுற்றுகிறது. உங்கள் கையில் இருக்கும் ரூபாய்க்கும் சேலத்துக்கும் அப்படி ஒரு உறவு இருக்கலாம்.

4. ஒரு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தால் பெட்டி நிறையும், அறிவு நிறையாது. ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். நான் முதலில் சொல்வது சுதந்திர இந்தியாவின் ஒரு ரூபாய் நாணயம். 1962 முதல் வந்த நிக்கல் ரூபாய் 10 கிராம். 1975-ல் செம்பு-நிக்கல் கலவைக்கு மாறி 8 கிராம் ஆயிற்று. 1983-ல் 6 கிராம். 1992-ல் எவர்சில்வராகி 4.85 கிராம். 2011-ல் ₹ குறியோடு வந்தது 3.79 கிராம். 2019-ல் வந்தது 3.09 கிராம். இந்த ஆறையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தராசில் போட்டுப் பாருங்கள். உலோக விலை ஏற ஏற அரசு ரூபாயை எப்படி மெலிய வைத்தது என்பது புத்தகம் இல்லாமலே விளங்கும்.

தமிழ்நாடு தொடர்பான நினைவு நாணயங்கள் இன்னொரு நல்ல தலைப்பு. 1995-ல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் உருவத்தோடு நாணயம் வந்தது. காமராசர், அண்ணா, சி.சுப்பிரமணியம், எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். ஆகியோர் நூற்றாண்டுகளுக்கும் நாணயம் வெளியிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ல் ஐந்து ரூபாயோடு ஆயிரம் ரூபாய் நாணயமும் வந்தது. ஐந்து ரூபாய் நாணயங்கள் சில்லறையிலேயே கிடைக்கக்கூடியவை. பெரிய மதிப்புள்ளவற்றை அரசு நாணயச் சாலையே விற்கும். பணம் சேர்ந்த பிறகு வாங்கலாம்.

5. துலக்காதீர்கள்.

புளி, எலுமிச்சை, விபூதி, சபீனா, பற்பசை எதையும் காசின் மேல் வைக்காதீர்கள். பித்தளைச் செம்பைத் துலக்கிப் பழகிய கை காசையும் துலக்கத் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். செம்புக் காசின் மேல் நூறு ஆண்டாகப் படிந்த கரும்பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, காப்பு. அதைச் சுரண்டினால் எழுத்தின் விளிம்புகளும் சேர்ந்து தேயும். விலையும் பாதிக்குக் கீழே இறங்கும்.

மண் அப்பியிருந்தால், பேட்டரிக்கு ஊற்றக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரில் நாள் கணக்கில் ஊறவிட்டு, அவ்வப்போது நீரை மாற்றி, மண் தானாக இளகும்போது ஈர்க்குச்சியால் மெல்ல நீக்கலாம். அதற்குப் பிறகு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வெளிர் பச்சையாக, மாவு போல உதிரும் களிம்பு தெரிந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அது செம்பை அரிக்கும் நோய். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

6. விளிம்பில் பிடியுங்கள், உலர்வாக வையுங்கள்.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காசின் விளிம்பை மட்டும் தொட வேண்டும். விரல் வியர்வை பளபளப்பான காசின் முகத்தில் ரேகையாகப் பதிந்துவிட்டால் போகாது. பார்க்கும்போது கீழே மடித்த துணி விரித்திருங்கள். சிமென்ட் தரையில் ஒரு தடவை விழுந்தாலே விளிம்பு நசுங்கும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் ஆல்பத்தில் நெடுநாள் வைத்தால் அந்தப் பிளாஸ்டிக்கே கசிந்து காசில் பச்சைப் பிசுக்காக ஒட்டும். நடுவில் மைலார் தாள் ஒட்டிய சதுர அட்டை உறைகள் நாணய வியாபாரிகளிடம் கிடைக்கும். ஒன்றுக்குச் சில ரூபாய்தான் ஆகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். பரமத்திவேலூர், மோகனூர் போன்ற காவிரிக்கரை ஊர்களில் ஈரம் அதிகம், அங்கே இருப்பவர்கள் மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. மூன்று கருவி போதும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன மின்தராசு, குறுக்களவு எடுக்க வெர்னியர். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலம் நம்முடையது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளி வேலைக்காரர்கள் வாங்கும் கடைகளிலேயே லென்ஸும் தராசும் கிடைக்கும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, காசை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழ வேண்டும். தேய்ந்த எழுத்துகள் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுந்து தெரியும்.

8. எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு பயிற்சிதான் சேகரிப்பவரை அறிஞராக்கும். நம் பக்கம் கிடைக்கும் மூன்று காசுகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, ராஜராஜன் செம்புக் காசு. சோழர் காசுகளில் இதுவே எளிதாகக் கிடைப்பது. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். உருவங்கள் கோடும் புள்ளியுமாகத்தான் இருக்கும். முதல் பார்வைக்கு ஆள் என்றே தோன்றாது. அமர்ந்த உருவத்தின் கையோரம் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்று மூன்று வரியாக இருக்கும். தமிழ் மன்னன் காசில் ஏன் நாகரி என்ற கேள்வி உங்களுக்கே எழும். அந்தக் கேள்வியோடு புத்தகத்தைத் திறந்தால் படிப்பது மறக்காது.

இரண்டாவது, திப்புவின் யானைக்காசு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பினியின் கைக்குப் போகும்வரை பாரமகால் பகுதியும் சேலமும் மைசூரை ஆண்ட ஐதர், திப்பு ஆட்சியில் இருந்தன. அதனால் இந்தக் காசு நம் வீடுகளில் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. யானையின் மறுபக்கம் பாரசீக எழுத்தில் அடித்த ஊரின் பெயர் இருக்கும். திப்பு ஊர்களுக்குப் புதுப்பெயர் சூட்டியவர், பட்டன் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம். அவர் பைசாவுக்கு ஜோஹ்ரா, அரைப் பைசாவுக்கு பஹ்ராம் என்று கோள்களின் பெயர் வைத்தார். பிற்காலக் காசுகளில் அவர் வகுத்த மௌலூதி ஆண்டை எண்களில் காணலாம். அந்த எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இது தெரியாமல் படித்தால் ஆண்டு கணக்கே குழம்பிப்போகும். பாரசீக எண்கள் பத்தையும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, 1803, 1808 ஆண்டு பொறித்த கும்பினியின் இருபது காசு. ஒரு பக்கம் கும்பினிச் சின்னம், மறுபக்கம் பாரசீகத்தில் "இருபது காசு நாலு ஃபலூஸ்" என்ற பொருளில் எழுத்து, அதன் கீழ் ரோமன் எண். மதராஸ் மாகாணத்துக்கான இந்தச் செம்புக் காசுகளை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், நீராவி இயந்திரம் வைத்து, மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் அடித்தார்கள். காசு ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அந்தக் கடலடிக் காசுகள் பின்னாளில் எடுக்கப்பட்டு இப்போது சந்தையில் விற்கின்றன. கடலில் கிடந்த 1808-ஆம் ஆண்டுக் காசும் கொங்கு நாட்டுச் சந்தையில் கைமாறித் தேய்ந்த காசும் ஒரே அச்சில் பிறந்தவை. எது எந்த வழியில் வந்தது என்பதை உங்கள் நோட்டு சொல்ல வேண்டும்.

9. பட்டறைக்குப் போகும் வெள்ளியை ஒரு முறை பாருங்கள்.

விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் எடைக்கு எடை கொலுசுக்குப் போய்விடுகிறது. 1835 முதல் வந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-ல் தொடங்கி வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ல் புலி போட்ட நிக்கல் ரூபாயில் வெள்ளியே இல்லை. வெள்ளிக்காரரிடம் பழகி, உருக்குவதற்கு முன் ஆண்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலானவை சாதாரண ஆண்டாகத்தான் இருக்கும். அவற்றை உருக்குவதைத் தடுக்க உங்களால் முடியாது. ஆனால் 1911-ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாயைக் கண்டால் நில்லுங்கள். மன்னர் மார்பிலிருந்த யானைச் சின்னம் பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து திரும்பப் பெற்ற ரூபாய் அது. அடுத்த ஆண்டில் யானையின் துதிக்கையைத் திருத்தி அடித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்ப்பது தனிப் பாடம்.

10. போலியை அறியப் பழகுங்கள்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கமும், கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்றோ 1616 என்றோ மறுபக்கமும் போட்ட காசை யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கும்பினி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. பூஜைக்கும் ஏமாற்றுக்கும் பிற்காலத்தில் அடித்தவை அவை.

வெள்ளி ரூபாயில் போலியைக் கண்டுபிடிக்க எடையும் குறுக்களவும் முதல் சோதனை. காந்தம் இழுத்தால் வெள்ளி இல்லை. ஆனால் இழுக்காததாலேயே வெள்ளி ஆகிவிடாது. விளிம்பைச் சுற்றி லென்ஸில் பாருங்கள். வார்ப்பில் செய்த போலிக்கு விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மிக அரியது. அரியது என்பதாலேயே போலி அதிகம். வேறு ஆண்டின் எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கியிருப்பார்கள். தொடக்கத்தில் இருப்பவர் அதன் பக்கமே போக வேண்டாம்.

அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ரைஸ் புல்லிங் என்ற பெயரில் நம் மாவட்டங்களில் நிலத்தை விற்றுப் பணம் கட்டி நொந்த குடும்பங்கள் உண்டு. எந்த மன்னர் காலத்துக் காசும் அரிசியை இழுக்காது.

11. கோடி ரூபாய்க் கனவை நம்பாதீர்கள்.

வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு அதற்கும் மேல் என்று செல்போனில் வரும் செய்திகள் எல்லாம் பொய். வைஷ்ணவி தேவி நாணயம் 2012-ல் கணக்கில்லாமல் அடித்து வெளியிட்டது, இன்னும் சில்லறையில் வருகிறது. உங்கள் காசை வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி, பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று உங்களிடமே பணம் பறிப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். இப்படிப் பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரம் தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. காசு விற்க ஓ.டி.பி. எண் கேட்பவர் காசு வாங்குபவர் இல்லை. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள், அவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

12. மண்ணில் கிடைத்ததைச் சொல்லிவிடுங்கள்.

கிணறு வெட்டும்போதோ ஏர் ஓட்டும்போதோ பானையில் காசு கிடைத்தால் அது உங்கள் சேகரிப்புக்கு வந்த அதிர்ஷ்டம் இல்லை. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் வழி காட்டுவார். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் என்பதால் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு உண்டு. அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, விற்பனை செய்பவருக்கு உரிமம் வேண்டும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. பானையோடு கிடைத்தது பானையோடு பதிவானால்தான் வரலாறு கிடைக்கும். புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் தலைமேல் உளியால் வெட்டியிருந்தது. ஒன்றாகக் கிடைத்து ஒன்றாகப் பதிவானதால்தான் அந்த வெட்டு தற்செயல் இல்லை, காசைப் புழக்கத்திலிருந்து நீக்க யாரோ வேண்டுமென்றே செய்தது என்று சொல்ல முடிகிறது. ஆளுக்கு ஐந்தாகப் பிரித்து உருக்கியிருந்தால் அந்த உண்மையும் உருகியிருக்கும்.

நம் வாசலிலேயே ஒரு சான்று உண்டு. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சின்னஞ்சிறு காசுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை என்ற சேரர் பெயர்கள் படிக்கப்பட்டன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி இத்தகைய காசுகளைத் தேடிச் சேர்த்து, படித்து, வெளியிட்டார். பெருவழுதி என்று எழுதிய பாண்டியர் காசையும் 1980-களில் அவரே அறிவித்தார். சங்க மன்னர்கள் தம் பெயர் பொறித்துக் காசு அடித்தார்களா என்ற ஐயம் அதனால் தீர்ந்தது. அவரும் உங்களைப் போலச் சேகரிக்கத் தொடங்கியவர்தான். சேர்த்ததோடு நிற்காமல் படித்து ஊருக்குச் சொன்னதால் அவர் பெயர் நிற்கிறது.

13. வாங்கும்போது நிதானம் வேண்டும்.

கடன் வாங்கிக் காசு வாங்காதீர்கள். படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் போக மிஞ்சியதில் வாங்குங்கள். சேலம், கோவை, திருச்சி, சென்னையில் சேகரிப்போர் நடத்தும் கண்காட்சிகளுக்குப் போங்கள். முதல் நாள் பார்க்க மட்டும் போங்கள், பையில் பணம் வேண்டாம். ஒரே காசுக்கு மூன்று பேர் என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேய்வுக்கு ஏற்ப விலை பத்து மடங்கு வேறுபடும். புழக்கத்துக்கே வராத காசை யூஎன்சி என்பார்கள். அந்தத் தரத்தில் ஒன்றும் நன்றாகத் தேய்ந்ததில் ஒன்றும் அருகருகே பார்த்தால்தான் தரம் புரியும். பில் கொடுக்கும் வியாபாரியிடம் வாங்குங்கள். பில்லை நோட்டில் ஒட்டி வையுங்கள். கோயில் காசு, சாமி நகைக் காசு என்று மறைவாகக் காட்டினால் தொடவே தொடாதீர்கள்.

14. புத்தகமும் அருங்காட்சியகமும் காசைவிட மலிவு.

நடன காசிநாதனின் தமிழர் காசு இயல் தமிழில் படிக்கத் தொடங்க நல்ல நூல். ஆங்கிலம் படிப்பவர்கள் தேசிகாச்சாரியின் தென்னிந்திய நாணயங்கள் நூலையும், கிருஷ்ணமூர்த்தியின் சங்க காலக் காசு நூலையும் பாருங்கள். கேப்டன் டஃப்னெல் என்ற ராணுவ அதிகாரி 1889-ல் மதராசில், தென்னிந்தியாவில் காசு சேர்ப்போருக்கென்றே ஒரு குறிப்பு நூல் வெளியிட்டார். தொடங்குகிறவருக்கு வழிகாட்ட வேண்டும் என்ற எண்ணம் இங்கே அவ்வளவு பழையது.

கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போங்கள், நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் பக்கம்தான். சேலம் அரசு அருங்காட்சியகத்தையும் பாருங்கள். சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் காசுக்குக் கீழே எழுதியிருக்கும் சீட்டைக் கவனித்துப் படியுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று அதில் இருக்கும். உங்கள் உறையிலும் அப்படித்தான் எழுத வேண்டும்.

15. அடுத்தவருக்காகச் சேருங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஆசை இருக்கும் என்று உறுதியில்லை. குறிப்பில்லாத பெட்டி ஒருநாள் எடைக்குப் போகும். குறிப்புள்ள பெட்டியை ஒரு பள்ளி வாங்கிக்கொள்ளும், ஓர் அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளும், ஓர் ஆராய்ச்சி மாணவர் தேடி வருவார். அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு மேசை போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். லென்ஸை அவர்கள் கையில் கொடுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது, எண்ணை எப்படிப் பார்ப்பது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டு மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். அவரிடம் இருக்கும் காசில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி, மேலே எண் 1 என்று போடுங்கள்.